கிணற்றில் குரோமியம்: ஆகாயத்தாமரை போட்டால் சரியாகுமா?

கிணற்றடி:
ராணிப்பேட்டை பக்கம் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிறேன். கிணற்றுத் தண்ணீர் மஞ்சளடிக்கிறதே என்று சோதனைக்குக் கொடுத்தால், குரோமியம் லிட்டருக்கு 3 மில்லிகிராம். குடிநீருக்கு 0.05தான் வரம்பாம். ஏரியிலிருந்து ஆகாயத்தாமரையை அள்ளிப் போட்டால் விஷத்தை உறிஞ்சிவிடும் என்கிறான் மச்சான். நாங்கள் கேன் தண்ணீர் குடிக்கிறோம். மாடு இரண்டும் கிணற்றுத் தண்ணீர்தான்.

டிரம்காரன்:
அண்ணே, முதலில் மாட்டுக்கு வேறு தண்ணீர் பாருங்கள். தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய லேபில் 19 வருஷம் இருந்தவன் நான். தோல் பதனிடும் குரோம் உப்பு சுண்ணாம்பு போட்டால் சேறாக அடியில் தங்கிவிடும். மஞ்சளடிக்கிறது என்றால் ஹெக்ஸாவேலன்ட் எனப்படும் இன்னொரு வகைக் குரோமியமாக இருக்கலாம். அது தண்ணீரோடு கரைந்தே ஓடும், ஆபத்தும் அதிகம். அதைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஆகாயத்தாமரை உறிஞ்சும், பொய்யில்லை. வீட்டில் 200 லிட்டர் டிரம்மில் போட்டுப் பார்த்தேன். பத்து நாளில் குரோமியம் பாதியாகக் குறைந்தது. அப்புறம் தங்கை கல்யாணத்துக்குப் போய்விட்டு மூன்று வாரம் கழித்து வந்தால் செடி அழுகி நாற்றம். குறைந்ததில் பெரும்பகுதி திரும்பத் தண்ணீரிலேயே! செடியை நேரத்துக்கு எடுக்க வேண்டும். எடுத்ததை எருக்குழியில் போடக்கூடாது, மாட்டுக்கும் காட்டக்கூடாது. உலோகம் பெரும்பாலும் வேரில்தான் இருக்கும். கிணற்றில் ஊற்றுத் தண்ணீர் வேறு வந்துகொண்டே இருக்குமே, எத்தனை கூடை போடுவீர்கள்?

பாதி பிஎச்டி:
புளியங்கொட்டைத் தூள், தென்னைநார்க் கழிவு என்று யாராவது சொல்வார்கள். நானே அதில்தான் ஆராய்ச்சி செய்கிறேன். ஹெக்ஸாவேலன்ட்டை நன்றாகப் பிடிக்கும், ஆனால் தண்ணீரின் பிஎச் 2 அளவில், அதாவது கடும் அமிலமாக, இருக்கும்போது. உங்கள் கிணறு 7க்கு மேல் இருக்கும். ஆசிட் ஊற்றவா போகிறீர்கள்?

வெளிநாடுகளில் மொலாசஸை, அதாவது சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகை, நிலத்தடியில் செலுத்துகிறார்கள். அதைத் தின்னும் பாக்டீரியா ஆக்சிஜனைத் தீர்த்துவிட, ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் கரையாத வகையாக மாறி மண்ணிலேயே தங்கிவிடும். நல்ல முறைதான். ஆனால் இரும்பும் மாங்கனீசும் கரைந்து வரும், சுற்றிலும் கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும். தயவுசெய்து வெல்லத்தைக் கரைத்துக் கிணற்றில் ஊற்றிவிடாதீர்கள்.

கிணற்றடி:
வெல்லம் இல்லை. மச்சான் காலையிலேயே நான்கு கூடை போட்டுவிட்டான். எடுத்து எங்கே வைப்பது?

டிரம்காரன்:
இன்றைக்கே எடுங்கள், வேர் அறுந்து உள்ளே விழாமல். மழை படாத இடத்தில் தார்ப்பாய் விரித்துக் காயவைத்து, சாக்கில் கட்டி வையுங்கள். எரிக்காதீர்கள். மாசு கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்தில் சோதனைத் தாளைக் காட்டி, சாக்கை என்ன செய்வது என்று எழுத்தில் கேளுங்கள்.