டிவியில் கறுப்பு எழுத்து தெரிகிறது, சிவப்பு எழுத்து மட்டும் கரைந்துபோகிறது: என்ன செய்வது?

கேள்வி

வணக்கம். நான் வீட்டிலிருந்தே நூல்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறேன். கண்புரை அறுவைக்குப் பிறகு பழைய 19 அங்குல மானிட்டரில் படிக்க முடியவில்லை. அதனால் 43 அங்குல 4கே டிவி வாங்கி, 2013இல் வாங்கிய மேசைக் கணினியுடன் ஹெச்டிஎம்ஐ கேபிளில் இணைத்திருக்கிறேன். அதில் சினிமா பார்த்தால் கண்ணாடி போல் இருக்கிறது. எழுத்தைப் படிப்பதுதான் வேதனை.

கறுப்பு எழுத்துகளைச் சுற்றி வெள்ளை நிழல் படிந்திருக்கிறது. டாஸ்க்பாரில் பாதி திரைக்குக் கீழே மறைந்துவிடுகிறது. இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் திருத்தங்களை நான் சிவப்பில் செய்கிறேன். அந்தச் சிவப்பு ஈரத்தாளில் மை ஊறியது போல் பரவிவிடுகிறது. "வேலை கொடு" என்பதற்கும் "வேலைக் கொடு" என்பதற்கும் இடையில் இருப்பது ஓர் ஒற்றுதான். முன்னது பணி கேட்கிறது, பின்னது ஆயுதம் கேட்கிறது. நான் சேர்த்த க்-இன் புள்ளி எனக்கே தெரியாவிட்டால் எப்படி வேலை செய்வது? விண்டோஸில் அளவு 3840 × 2160, 150 சதவீதம் என்று வைத்திருக்கிறேன். டிவியை மாற்ற வேண்டுமா?

பதில் 1 (டிவி பழுது பார்ப்பவர்)

அம்மா, அவசரப்பட்டு டிவியை மாற்றிவிடாதீர்கள். டாஸ்க்பார் மறைவது ஓவர்ஸ்கேன். படக்குழாய் டிவிகளில் படத்தின் ஓரம் நிலையாக நிற்காது. அது தெரியாமல் இருக்கப் படத்தைச் சற்றுப் பெரிதாக்கிச் சட்டத்துக்கு வெளியே தள்ளுவார்கள். அந்தப் பழக்கம் தட்டை டிவிகளிலும் தொடர்கிறது. கணினி அனுப்பும் புள்ளிக்கும் திரையிலுள்ள புள்ளிக்கும் ஒன்றுக்கு ஒன்று பொருத்தம் போய்விடுவதால் எல்லா எழுத்துமே மங்கும். படத்தின் அளவு அமைப்பில் "ஜஸ்ட் ஸ்கேன்", "ஸ்கிரீன் ஃபிட்", "ஃபுல் பிக்சல்" என ஏதாவது ஒரு பெயரில் அதற்கான வழி இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள்.

வெள்ளை நிழல் ஷார்ப்னஸ் செய்யும் வேலை. தெளிவு கூடும் என்று நினைத்து ஏற்றுவார்கள். உண்மையில் அது விளிம்புகளுக்குக் கோடு போடுகிறது. பல டிவிகளில் 0தான் நடுநிலை, சிலவற்றில் 50. நிழல் மறையும் இடம்வரை குறைத்துப் பாருங்கள். ஹெச்டிஎம்ஐ உள்ளீட்டின் பெயரையோ சின்னத்தையோ "பிசி" என மாற்றும் வசதி இருந்தால் அதையும் செய்யுங்கள். சாம்சங், எல்ஜி டிவிகள் பலவற்றில் இது உண்டு. படத்தை மெருகேற்றும் வேலைகளை டிவி அப்போது பெரும்பாலும் நிறுத்திவிடும்.

பதில் 2

நல்ல கேபிள் வாங்குங்கள். மலிவான கேபிளில் இப்படித்தான் வரும்.

பதில் 3 (மென்பொருள் துறையில் இருப்பவர்)

கேபிளைப் பற்றிச் சொன்னதை மறுக்க வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள். ஹெச்டிஎம்ஐ வழியே போவது எண்கள். கேபிள் சரியில்லையென்றால் மின்னும் புள்ளிகள் தெறிக்கும், படம் விட்டுவிட்டு வரும், அல்லது திரை இருண்டுவிடும். எழுத்து மட்டும் மென்மையாக மங்காது.

அம்மா, ஒரு சோதனை செய்யுங்கள். சிவப்புத் திருத்தம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் கைப்பேசியில் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கும் மங்கல் என்றால் குற்றம் விண்டோஸிலோ செயலியிலோ இருக்கிறது. அங்கே தெளிவாக இருந்தால் கணினியை விட்டுக் கிளம்பிய பிறகுதான் கெடுகிறது.

கேட்டவர்

ஐயா சொன்னபடி படத்தின் அளவை மாற்றினேன், டாஸ்க்பார் முழுதாக வந்துவிட்டது. ஷார்ப்னஸை 0 ஆக்கியதும் வெள்ளை நிழல் போய்விட்டது. பிசி என்றும் மாற்றிவிட்டேன். கறுப்பு எழுத்து இப்போது அச்சிட்டது போல் இருக்கிறது, மிக்க நன்றி. கைப்பேசியில் பார்த்தேன் தம்பி. சிவப்பு அங்கே துல்லியமாக இருக்கிறது. டிவியில் மட்டும் இன்னும் அதே கரைசல்.

பதில் 3

அப்படியானால் நிறம் வழியிலேயே குறைக்கப்படுகிறது. மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவு கூர்மையாகப் பார்க்காது. வீடியோக்காரர்கள் இதைப் பயன்படுத்தி, வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் அனுப்பிவிட்டு, நிறத்தை நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என்று அனுப்புகிறார்கள். இதன் பெயர் 4:2:0. சினிமாவில் தெரியாது. கறுப்பு வெள்ளையில் நிறமே இல்லை, அதனால் அங்கும் தெரியாது. வெள்ளைத் தாளில் சிவப்பு எழுத்து என்றால் வடிவத்தின் பெரும்பங்கை நிறம்தான் சுமக்கிறது. ஒற்றின் புள்ளி அக்கம்பக்கத்து வெள்ளையோடு கலந்துவிடும். உங்கள் அறிகுறி அப்படியே இதுதான்.

காரணம், கணினியிலிருந்து படத்தை அனுப்பும் கிராபிக்ஸ் கார்டின் வயதாக இருக்கலாம். 4கே படத்தை விநாடிக்கு 60 முறை, நிறம் குறையாமல் அனுப்ப விநாடிக்கு 17.82 கிகாபிட் வேண்டும். 2013இல் அறிவிக்கப்பட்ட ஹெச்டிஎம்ஐ 2.0 தாங்குவது 18. அதற்கு முந்தைய 1.4 தாங்குவது 10.2 மட்டுமே. நிறத்தைக் குறைத்தால் 8.91இல் அடங்கிவிடும், அதனால் கார்டு அந்த வழியை எடுக்கிறது. கிராபிக்ஸ் அமைப்பில் வெளியீட்டு நிற வடிவம் என்ன என்று பாருங்கள். பிறகு 60 ஹெர்ட்ஸை (விநாடிக்கு 60 முறை என்பதை) 30 ஆக்கி, நிறம் குறையாத வடிவமான "ஆர்ஜிபி" கிடைக்கிறதா என்றும் பாருங்கள்.

கேட்டவர்

"ஒய்சிபிசிஆர் 420" என்றுதான் இருந்தது! 60இல் வேறு எதையும் தேர்ந்தெடுக்க முடியவில்லை. 30 ஆக்கியதும் ஆர்ஜிபி வந்தது. நான் நேற்றுப் போட்ட ஒற்றுகள் எல்லாம் புள்ளியோடு நிற்கின்றன. அதில் இரண்டு தவறான இடத்தில் இருந்தன, உடனே திருத்திவிட்டேன். ஆனால் மவுஸ் அம்பு கையோடு வராமல் பின்தங்குகிறது, பக்கத்தை உருட்டினால் தலை சுற்றுகிறது.

பதில் 3

30 ஹெர்ட்ஸில் அப்படித்தான் இருக்கும். நாள் முழுவதும் பார்க்கும் கண்ணுக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கணினியின் பின்புறம் ஒரு மூலை மட்டும் வெட்டியது போன்ற துளை இருக்கிறதா? அது டிஸ்ப்ளே போர்ட். அது 1.2 வகையாக இருந்தால் 4கே 60ஐ முழு நிறத்தோடு தாங்கும். "டிஸ்ப்ளே போர்ட் 1.2இலிருந்து ஹெச்டிஎம்ஐ 2.0, ஆக்டிவ்" என்று குறிப்பிட்டிருக்கும் அடாப்டரையே கேட்டு வாங்குங்கள். சிக்னலைத் தானே மாற்றாத பேசிவ் அடாப்டர் வேண்டாம். அதில் கார்டு பழைய ஹெச்டிஎம்ஐ வேகத்திலேயே பேசும்.

பதில் 1

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். டிவியும் அதை ஏற்க வேண்டும். அந்த ஹெச்டிஎம்ஐ துளைக்கு மட்டும் தனியாக ஓர் அமைப்பு இருக்கும்: சாம்சங்கில் "இன்புட் சிக்னல் பிளஸ்", எல்ஜியில் "அல்ட்ரா ஹெச்டி டீப் கலர்", சோனியில் "என்ஹான்ஸ்டு ஃபார்மட்". அதை இயக்காவிட்டால் அடாப்டர் வாங்கியும் பயன் இருக்காது.

பதில் 4

என்னிடம் இருப்பது 32 அங்குல ஹெச்டி ரெடி டிவி. 1920 × 1080 என்று வைத்தும் எழுத்து மங்கல்தான். இதே வழி உதவுமா?

பதில் 1

உங்களுடையது வேறு சிக்கல் தம்பி. ஹெச்டி ரெடி டிவிகளில் பெரும்பாலும் 1366 × 768 புள்ளிகள்தான் இருக்கும். 1080 அனுப்பினால் அதைச் சுருக்கித்தான் காட்டும். 1366 × 768, அது இல்லையென்றால் 1360 × 768 பட்டியலில் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தாலும் ஓர் அங்குலத்துக்கு 49 புள்ளிதான் வரும். தள்ளி உட்கார்ந்து படிக்கலாம், மேசையில் வைத்துப் படிக்க அது போதாது.

கேட்டவர்

அடாப்டர் வந்துவிட்டது. மாட்டியதும் முதலில் மறுபடி 420தான் காட்டியது. ஐயா சொன்ன அமைப்பை அந்தத் துளைக்கு இயக்கியதும் டிவி ஒருமுறை இருண்டு திரும்பியது. இப்போது 60 ஹெர்ட்ஸ், ஆர்ஜிபி. "வேலைக் கொடு" என்று சிவப்பில் அடித்து, நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்று பார்த்தேன். அங்கிருந்தும் புள்ளி தெரிகிறது.