போஸ்கோ குரினின் பழைய வீடும் நம் வாசிகசாலை அறையும்

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

வாசிகசாலையின் பின்னறையில் ஊர்ப் பழம்பொருட்களைச் சேர்த்து வைக்கலாம் என்று நம் ஊர்ச் சங்கத்தின் லண்டன் கிளையினர் எழுதியது முதல் இரண்டு மறுப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன. தனிக் கட்டடம் எழும்பிய பிறகு தொடங்கலாம் என்கிறார்கள் சிலர். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கிற ஊரில் அதை யார் வந்து பார்ப்பது என்று கேட்கிறார்கள் வேறு சிலர். சுவிஸ் கிளையிலிருந்து என் பதிலை எழுதுகிறேன். ஒரு மலைக் கிராமத்தைப் பற்றிச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

ஊரின் பெயர் போஸ்கோ குரின். சுவிஸின் இத்தாலிய மொழி பேசும் டிசினோ மாநிலத்தில், மாஜியா பள்ளத்தாக்கிலிருந்து பிரியும் மலைப்பாதையின் முடிவில், 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லொகார்னோவிலிருந்து பஸ்ஸில் செவியோ வரை வந்து, அங்கே மலைக்கு ஏறும் தபால் பஸ்ஸுக்கு மாற வேண்டும். வளைவுகளில் தலை சுற்றுபவர்கள் முன்னிருக்கையில் அமர்வது நல்லது. இன்று அங்கே நிரந்தரமாக வசிப்பவர்கள் ஐம்பது பேர் அளவில்தான். 1850இல் முந்நூற்றெண்பது பேர் இருந்த ஊர் அது. அந்த நூற்றாண்டில் மாஜியா பள்ளத்தாக்குப் பக்கத்து இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகக் கலிபோர்னியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பல் ஏறினார்கள். வெளிநாடு போனவர்களால் வெறுமையான ஊர் என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

டிசினோ மாநிலத்தில் பரம்பரையாக ஜெர்மன் பேசும் ஒரே ஊர் இதுதான். வால்சர் என்று அழைக்கப்படும் ஜெர்மன் பேசும் மக்கள் சுவிஸின் வாலே மாநிலத்து மேல்பகுதியிலிருந்து புறப்பட்டு, கணவாய்களைக் கடந்து, வேறு யாரும் ஆண்டு முழுவதும் குடியிருக்கத் துணியாத உயரங்களில் நிலத்தைத் திருத்திக் குடியேறினார்கள். குரினின் தேவாலயம் 1253இல் அர்ச்சிக்கப்பட்டது. சுற்றிலும் வேறு மொழி பேசப்பட, ஏழு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தங்கள் பேச்சைக் காத்து வந்திருக்கிறார்கள். ஓராண்டில் எத்தனை சொற்களைப் பிள்ளைகள் மறக்கிறார்கள் என்று கவலைப்படும் நமக்கு இது சிறிய செய்தி அல்ல.

அவர்கள் பட்ட துன்பமும் கொஞ்சமல்ல. 1695இல் பனிச்சரிவு 34 பேரைக் கொண்டுபோனது. 1749இல் இன்னொன்று 41 பேரை. அதன் பிறகும் அதே சரிவின் அடியில் திரும்பவும் வீடு கட்டினார்கள்.

அந்த ஊரில் வால்சர் வீடு என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. இதற்கெனத் தனிக் கட்டடம் எதுவும் எழுப்பப்படவில்லை. 1386ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு குடியிருப்பு வீட்டையே பாதுகாத்து, 1938இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே இதற்கென ஒரு சங்கம் அமைந்திருந்தது. நம்முடையதைப் போன்ற ஒரு சங்கம்தான்.

உள்ளே போனால் வீடு எப்படி வேலை செய்தது என்பது தெரிகிறது. நெருப்பு எரியும் அடுக்களைப் பக்கம் கல்லால் ஆனது. குடும்பம் உட்காரும் கூடம் கனத்த மரத்தால் ஆனது. இத்தகைய வால்சர் வீடுகளில் கூடத்து அடுப்புக்கு விறகு வைக்கும் வாய் அடுக்களையில் இருக்கும். ஆகவே புகை அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும், சூடு மட்டும் கூடத்துக்கு வரும். நூற்கும் இராட்டினம், தறி, வெண்ணெய் கடையும் மரப்பாத்திரம், முதுகில் சுமக்கும் கூடை, பண்டிகை உடை எல்லாம் புழங்கிய வீட்டுக்குள்ளேயே இருப்பதால், ஒவ்வொன்றும் எதற்கென்று பாதிக்குமேல் தானாகவே புரிந்துவிடுகிறது.

என்னை நெடுநேரம் நிறுத்தியது மரச்சுவரில் இருக்கும் ஒரு சிறு திறப்பு. ஓர் ஆள் தலையை நுழைக்க முடியாத அளவு. மூடுவதற்கு ஒரு பலகை. அந்த வீட்டில் ஒருவர் உயிர் பிரியும்போது அதைத் திறப்பார்கள். ஆன்மா வெளியேறியதும், திரும்பி வராதபடி மூடிவிடுவார்கள். மற்ற நாட்களில் அது திறக்கப்படுவதில்லை. அந்தப் பலகையைக் கழற்றி எடுத்து நகரத்து மண்டபம் ஒன்றில் கண்ணாடிக்குள் வைத்திருந்தால் அது வெறும் மரத்துண்டு. சுவரோடு இருப்பதால்தான் அதன் முன்னால் வாய் பேச வரவில்லை.

வெளியே தானியக் களஞ்சியங்களையும் பாருங்கள். குட்டையான கால்களின் மேல் தட்டையான வட்டக் கற்களை வைத்து, அவற்றின் மேல் மரக் களஞ்சியத்தை நிறுத்தியிருக்கிறார்கள். காலில் ஏறும் எலி கல்லின் விளிம்பைத் தாண்ட முடியாது.

ஹான்ஸ் தொமாமிக்கேல் என்ற ஓவியர் 1899இல் இந்த ஊரில் பிறந்தவர். சுவிஸில் க்னோர் சூப் பொட்டலங்களில் சிவப்புத் தொப்பியோடு சிரிக்கும் குட்டி மனிதனை 1948இல் வரைந்து தந்தவர் அவரே. என் மக்களுக்கு அந்தப் படம் நன்றாகத் தெரியும், ஊர்தான் தெரியாது.

வால்சர்கள் இத்தாலி, லிச்சென்ஸ்டைன், ஆஸ்திரியா என்று பல நாடுகளின் மலைகளில் சிதறிக் கிடக்கிறார்கள். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏதாவதொரு வால்சர் ஊரில் எல்லோரும் கூடுகிறார்கள். தங்களுக்கென ஒரு பன்னாட்டுச் சங்கமும் வைத்திருக்கிறார்கள். "யார் வந்து பார்ப்பது" என்ற கேள்விக்கு என் விடை இதுதான்: முதலில் நாம் வந்து பார்ப்போம், நம் பிள்ளைகளைக் கூட்டி வருவோம்.

ஆகையால் என் கருத்தைத் திட்டமாகச் சொல்லிவிடுகிறேன். புதுக் கட்டடத்துக்கு நிதி சேர்க்க வேண்டாம். கிழக்குத் தெருவில் இன்னும் நிற்கிற நாற்சார் வீடுகளில் ஒன்றின் உரிமையாளர் இசைந்தால், கூரையைச் செப்பனிட்டு அந்த வீட்டையே காப்போம். அதுவரை பின்னறை போதும். திருகை, நீற்றுப்பெட்டி, கடகம், துலாவில் கட்டிய பட்டை இவற்றையெல்லாம் கொழும்பு வியாபாரிகள் ஏற்கெனவே வாங்கிக்கொண்டு போகிறார்கள். நம்மிடம் காலம் அதிகமில்லை.

ஊரில் இருக்கும் இளைஞர் ஒருவரை நியமித்து, வீடு வீடாகப் படம் எடுக்கச் சொல்வோம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தாள்: பெயர், யார் வீட்டுடையது, யார் செய்தது, எப்படிப் பயன்பட்டது. கடைசிக் கேள்விக்குத்தான் நம் அம்மாமாரும் பெரியம்மாமாரும் தேவைப்படுகிறார்கள். கனடாவிலும் ஜெர்மனியிலும் இருப்பவர்கள் அவர்களைத் தொலைபேசியில் பேசவைத்துப் பதிவு செய்து அனுப்புங்கள். அந்த இளைஞரின் முதல் ஆறு மாதச் சம்பளத்தைச் சுவிஸ் கிளை ஏற்கும். செயலாளர் அண்ணா இதை அடுத்த கூட்ட நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கோடையில் இங்கு வரும் உறவினர்களுக்கு ஒரு சொல்: டிட்லிஸும் செர்மாட்டும் பார்த்த பிறகு ஒரு நாளைக் குரினுக்கு ஒதுக்குங்கள். வீடு பனிக்காலத்தில் மூடியிருக்கும். திறக்கும் நாட்களை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன்.

அன்புடன்,
சுவிஸ் கிளையிலிருந்து உங்கள் தம்பி