மலையோடையின் வெள்ள, சேற்றுப்பெருக்கு அபாயத்தைக் கணிக்க உதவி தேவை

வணக்கம். மலையோடை ஒன்று அடிவாரத்தில் பரப்பிய வண்டல் விசிறியின் மேலுள்ள வீடுகளுக்கான அபாயத்தை மதிப்பிட்டு வருகிறேன். நீர்ப்பிடிப்புப் பரப்பு 4 சதுர கிலோமீட்டர், உயர வேறுபாடு 1.4 கிலோமீட்டர், உயர வேறுபாட்டைப் பரப்பின் வர்க்கமூலத்தால் வகுக்கக் கிடைக்கும், நீர்ப்பிடிப்பு எவ்வளவு செங்குத்தானது என்பதைக் காட்டும் மெல்டன் விகிதம் 0.7 என உயர்வாக இருப்பதால், இதில் வெள்ளம் மட்டுமன்றிப் பாறையும் சேறும் மரங்களும் கலந்த பெருக்கும் வரக்கூடும் என்றே கருதுகிறேன். மழைச்செறிவைக் கொண்டு உச்ச வெள்ளத்தைக் கணித்துவிட்டேன். ஆனால் சேற்றுப்பெருக்கின் உச்சம் அதைவிடப் பல மடங்கு இருக்கலாம் என்பதால், அந்த வெள்ள எண்ணை நம்பி, ஓடையின் குறுக்கேயுள்ள சிறுபாலத்தின் திறப்பை முடிவுசெய்ய எனக்குத் துணிவில்லை.

ஓடையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் எத்தனை கன மீட்டர் தளர்ந்த பொருள் அரித்துச் செல்லப்படும் என்பதைக் களத்தில் எவ்வாறு அளக்கிறீர்கள்? பழைய பெருக்குகளின் காலத்தை மரவளையங்களின் தழும்புகளைக் கொண்டு கணித்தவர்கள், எத்தனை மரங்களில் மாதிரி எடுத்தீர்கள் என்றும் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.