நெற்றியில் ஒரு விளக்கு: ஹெட்லேம்ப் வாங்கிய கதை, ஏமாந்த கதை

வழுக்குப்பாறை, கோவை

போன மார்ச்சில் வெள்ளியங்கிரி ஏறினோம். ராத்திரி பத்து மணிக்குப் பூண்டியில் கிளம்பினால் விடியும்போது ஏழாவது மலையில் இருக்கலாம் என்று கணக்கு. ஒரு கையில் அடிவாரத்தில் வாங்கிய மூங்கில் தடி, இன்னொரு கையில் போன் டார்ச். கல்படி இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. படி போய்ப் பாறையும் வேருமாக வந்த இடத்தில் கையை ஊன்றித்தான் ஏற வேண்டும். தடியை விடுவதா, போனை விடுவதா? போனைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறினேன். எச்சில் பட்டு அது தன்பாட்டுக்கு எதையெதையோ அமுக்கி, மாமாவுக்குக் கால் போய்விட்டது. மணி ஒன்றரை. சிக்னல் அந்த இடத்தில்தானா கிடைக்க வேண்டும்! குடும்பமே எழுந்து உட்கார்ந்துவிட்டது.

திரும்பி வந்த கையோடு ஆன்லைனில் ஒரு ஹெட்லேம்ப் வாங்கினேன். 450 ரூபாய். பெட்டியில் வெளிச்சத்தின் அளவு 10,000 லூமன் என்று போட்டிருந்தது. உள்ளே இருந்த 18650 என்கிற சார்ஜ் செல்லில், அது பிடிக்கும் சார்ஜ் 9900 எம்.ஏ.ஹெச். என்று இருந்தது. பேட்டரி சர்வீஸ் செய்யும் நண்பனிடம் காட்டினேன், சிரித்தான். அந்த அளவு செல்லில் நல்ல கம்பெனிகளே 3500 பக்கம்தான் நிற்கின்றன என்றான். அவனுடைய மெஷினில் போட்டுப் பார்த்தால் 1100 சொச்சம் காட்டியது. நாற்பது நிமிஷத்தில் வெளிச்சம் மங்கி, பின்மண்டையில் இருந்த பேட்டரி டப்பா சுட ஆரம்பித்தது. அதோடு அதைக் கழற்றி வைத்தவன்தான்.

பிப்ரவரியில் மறுபடி மலைக்கு விடுவார்கள். அதற்குள் உருப்படியாக ஒன்று வாங்க வேண்டும், வீட்டு வேலைக்கும் ஆக வேண்டும். 2500 ரூபாய் வரை போகலாம். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். லிங்க் வேண்டாம், கதை போதும்.

சிரட்டை, குலசேகரம்

எங்கள் ஊரில் ஹெட்லைட் என்பது கத்தி மாதிரி ஒரு தொழில் சாமான். அப்பா ரப்பர் பால் வெட்டுபவர். மூன்று மணிக்கெல்லாம் தோட்டத்துக்குள் போய்விடுவார். வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் அழுத்தம் குறைந்து பால் வரத்தும் குறையும், அதனால் இருட்டில்தான் வேலை. ஒரு நாளைக்கு 300 மரம் வரை வெட்டுவார்.

பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும், அதில் கைக்கு எவ்வளவு வேலை என்று. இடது கை முந்தின வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போடும். வலது கை கத்தியை வைத்து, சாய்வாகக் கீழே இறங்குகிற அந்தக் கோட்டை ஒட்டி ஒரு மெல்லிய சீவல் எடுக்கும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. கூடினால் மரத்துக்குக் காயம், அப்புறம் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். இதில் டார்ச் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போக?

முன்பு அவரிடம் இருந்தது இடுப்பில் பேட்டரி, அங்கிருந்து தலைக்கு வயர் போகிற வகை. வயர் கொம்பில் மாட்டி எத்தனையோ தடவை அறுந்திருக்கிறது. நான் வேலைக்குப் போன முதல் மாதம், இருப்பதிலேயே தூரமாக அடிக்கிற லைட் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் போட்டார். மூன்றாம் நாள் பழைய லைட்டோடு கிளம்பினார். கேட்டதற்கு, “முன்னால நிக்க மரத்தப் பாக்கதுக்கு எதுக்கு மக்ளே அடுத்த மலை வரைக்கும் வெளிச்சம்?” என்றார்.

அவர் சொன்னது நியாயம். குறுகலான வட்ட வெளிச்சம் நடுவில் கண்ணைக் கூசும், வட்டத்துக்கு வெளியே ஒன்றும் தெரியாது. போதாததற்குப் பால் வேறு வெள்ளை. வெட்டின கோட்டில் அது ஊறி வரும்போது வெளிச்சம் அப்படியே திரும்பி முகத்தில் அடிக்கிறது. கடைசியில் அந்த லைட்டையும் அவர் வீணாக்கவில்லை. ஆவின் கவரில் வெள்ளையாக இருக்கும் இடமாகப் பார்த்து ஒரு துண்டு வெட்டிக் கண்ணாடி மேல் ஒட்டினார். வெளிச்சம் பரந்து, மெத்தென்று ஆகிவிட்டது. மூன்று வருஷமாக அதுதான் ஓடுகிறது.

வழுக்குப்பாறை அவர்களே, வீட்டு வேலை எல்லாமே ஒரு கை நீளத்துக்குள்தான். பரந்து அடிக்கிற வெளிச்சம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தூரம் அப்புறம்.

பேஸ்-நியூட்ரல், திருச்சி

எலக்ட்ரீஷியன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

விளக்கின் தலையை மேலும் கீழும் சாய்க்கிற கீல் டக் டக் என்று படியாக நிற்க வேண்டும். தளர்ந்த கீல் என்றால், ஃபேன் கண்டென்சர் மாற்ற ஏணியில் நிற்கும்போது விளக்கு மூக்கை நோக்கிச் சரியும்.

நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் வேண்டாம். மட்டமான எல்.இ.டி.யில் சிவப்பு வயரும் பிரவுன் வயரும் ஒன்று போலத் தெரியும். பழைய வீட்டு மீட்டர் பாக்ஸில் ஒருமுறை அப்படித் தடுமாறி, டெஸ்டரை வைத்துத்தான் தப்பித்தேன்.

ஸ்விட்சுக்கு லாக் இருக்கிறதா பாருங்கள். ஏற்காட்டில் கூடாரம் போடப் போனபோது பையைத் திறந்தால் உள்ளே துணி எல்லாம் சூடு. சாப்பாட்டுத் தட்டு அமுக்கி, காலையிலிருந்து எரிந்திருக்கிறது. ராத்திரிக்குச் சொட்டு சார்ஜ் இல்லை. லாக் இல்லாத மாடல் என்றால் செல்லைக் கழற்றிவிட்டுப் பையில் வையுங்கள்.

கீற்றுக்கொட்டகை, பேராவூரணி

எல்லாரும் டைப்-சி சார்ஜிங் நல்லது என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தது. காலையில் பார்த்தால் தென்னை இல்லை, கம்பம் இல்லை, வானம்தான் இருந்தது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்பி வர 23 நாள் ஆனது.

வீட்டில் அப்போது இரண்டு ஹெட்லேம்ப். ஒன்று சார்ஜ் ஏற்றுவது, பையன் சைக்கிளுக்காக வாங்கினான். இன்னொன்று மூன்று டிரிபிள் ஏ செல் போடுகிற சாதாரணம், நாத்தனார் மகன் விட்டுப் போனது. சார்ஜ் லைட் இரண்டாம் நாள் ராத்திரி படுத்துவிட்டது. ஜெனரேட்டர் வைத்திருந்தவர் வீட்டு வாசலில் போனுக்கே வரிசை நிற்கிறது, அதில் போய் விளக்கை நீட்ட மனசு வருமா? டிரிபிள் ஏ செல் ரிமோட்டிலும் சுவர்க் கடிகாரத்திலும் இருந்தது, எப்படியோ இரண்டு அட்டை கடையிலும் கிடைத்தது. சமைத்தது, மாடு பிடித்துக் கட்டியது, ஓட்டுக்கு மேல் தார்ப்பாய் போட்டது, எல்லாம் அந்த ஒரு விளக்கில்தான். தார்ப்பாய்க்குக் கயிறு இழுக்க இரண்டு கையும் வேண்டும். அன்றைக்குத்தான் அந்தச் சாமானுக்கு என் மனசில் மரியாதை வந்தது.

ஒரு உபாயம் சொல்கிறேன். வெள்ளை பிளாஸ்டிக் கேன் நிறையத் தண்ணீர் வைத்து, விளக்கு உள்பக்கம் பார்க்கிற மாதிரி பட்டையைக் கேனைச் சுற்றி மாட்டுங்கள். கேன் முழுக்க நிலா மாதிரி ஒளிரும். அதைச் சுற்றி உட்கார்ந்து ஆறு பேர் சாப்பிட்டோம்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். கரண்ட் வந்த சந்தோஷத்தில் செல்லைக் கழற்றாமல் அலமாரியில் போட்டுவிட்டேன். அடுத்த வருஷம் திறந்தால் வெள்ளையாகப் பூத்துப் போயிருந்தது. செல்லிலிருந்து கசிவது காரம், அதனால் பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்தால் விடும். துடைத்தேன், எரிந்தது. ஆனால் ஸ்பிரிங் அரித்துவிட்டதால் இன்றைக்கும் ஒரு தட்டு தட்டினால்தான் எரியும். இப்போதெல்லாம் சார்ஜ் பேட்டரி, டிரிபிள் ஏ இரண்டையும் ஏற்கிற மாடல்கள் வருகின்றன. கடலோர மாவட்டத்துக்காரர்கள் அதைத் தேடுங்கள்.

எட்டுக்கண், வால்பாறை

நான் பள்ளி ஆசிரியர், ராத்திரியில் பூச்சி பார்க்கப் போகிற பைத்தியம். ஹெட்லேம்ப் மட்டும் காட்டுகிற ஒரு காட்சி உண்டு, கைடார்ச்சைத் தாழ்த்திப் பிடித்தால் தெரியாது. புல்தரையில் நின்று விளக்கைக் கண்ணுக்குச் சற்று மேலே இறக்கி வைத்துக்கொண்டு மெதுவாகத் தலையைத் திருப்புங்கள். பனித்துளி மாதிரி பச்சையும் வெள்ளையுமாக மினுக்கும். ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு கிட்டே போனால் அது துளி இல்லை, ஓநாய்ச் சிலந்தியின் கண். உள்ளே இருக்கும் ஒரு படலம், ஒளி வந்த வழியிலேயே அதைத் திருப்பி அனுப்புகிறது. விளக்கு உங்கள் கண்ணை ஒட்டி இருப்பதால் உங்களுக்கு மட்டும் தெரியும், பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. முதல் தடவை பார்த்த ஒரு மாணவி, முதுகில் குஞ்சுகளைச் சுமந்த தாய்ச் சிலந்தியைக் கண்டுபிடித்தாள். முதுகு முழுக்க ஜரிகை மாதிரி மின்னியது.

அதே காரணத்தால் இன்னொரு பக்கம் ஆபத்தும் இருக்கிறது. ஒளியும் கண்ணும் ஒரே இடத்தில் இருந்தால் நிழலே தெரியாது. மேடு, பள்ளம், கல், வேர் எல்லாம் தட்டையாகத் தெரியும். இறங்கும்போதுதான் இது காலை வாரும். பனிமூட்டத்தில் இன்னும் மோசம், முன்னால் வெள்ளைச் சுவர் எழுப்பின மாதிரி ஆகிவிடும். அப்போது ஹெட்லேம்பைத் தலையிலிருந்து கழற்றி இடுப்பு உயரத்தில் பிடித்து நடங்கள், பாதை தெரியும். வெள்ளியங்கிரி உச்சியில் மேகம் இறங்கினால் இது உதவும்.

சிவப்பு விளக்கு இருக்கிற மாடலாக வாங்குங்கள். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20, 30 நிமிஷம் பிடிக்கும். வெள்ளை வெளிச்சம் ஒரு கணம் பட்டாலும் அது போச்சு. மங்கலான சிவப்பு அவ்வளவு கெடுக்காது, பூச்சியும் முகத்தில் மொய்க்காது. ஆனால் பாம்பு நடமாடும் வழியில் சிவப்பை நம்பி நடக்காதீர்கள், காய்ந்த இலையும் கட்டுவிரியனும் ஒரே நிறமாகத் தெரியும்.

ஒரு வேண்டுகோள். பேசும்போது எதிராளி முகத்தைப் பார்ப்பது நமக்குப் பழக்கம். ஹெட்லேம்ப் போட்டுக்கொண்டு அப்படிச் செய்தால் அவருக்குக் கண் அவிந்துவிடும். நெஞ்சைப் பார்த்துப் பேசுங்கள், இல்லை விளக்கைக் கையால் மூடிக்கொள்ளுங்கள்.

டபுள்பெல், சேலம்

கேள்வி மாதிரி ஒரு அனுபவம். பெட்டியில் 100 மணி நேரம் என்று போட்டிருந்த விளக்கு, ஆறு மணி நேரத்திலேயே மங்கிவிட்டது. கடையில் கேட்டால் “எரியுது இல்ல சார்?” என்கிறார்கள். ஏமாற்றா?

எட்டுக்கண், வால்பாறை

முழு ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்று ஒரு அளவுமுறை இருக்கிறது. அதன்படி, ஆரம்ப வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறைகிற வரை எரிந்த நேரம் எல்லாம் கணக்கில் சேரும். 300 லூமனில் தொடங்கி 30க்கு இறங்கும் வரை ஓடுகிற கடிகாரம் அது. அத்தோடு, 100 மணி என்பது பெரும்பாலும் மிகக் குறைந்த நிலைக்கான எண், 300 லூமன் மிக அதிக நிலைக்கானது. இரண்டையும் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடுவார்கள். எந்த நிலைக்கு எத்தனை மணி என்று தனித்தனியாக அட்டவணை போட்டிருக்கிற கம்பெனியை நம்பலாம்.

நடக்க 30 முதல் 50 லூமன் எனக்குப் போதும். கூடாரத்துக்குள் ஐந்தே அதிகம்.

வழுக்குப்பாறை, கோவை

எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து வருகிறேன், வாங்கிவிட்டேன். 200 லூமன், ஐபிஎக்ஸ்4, அதாவது மழைச் சாரல் தாங்கும், முக்கிப் போட முடியாது. சார்ஜ் பேட்டரி, டிரிபிள் ஏ இரண்டும் ஏற்கும். சிவப்பு உண்டு, லாக் உண்டு, எடை 90 கிராம் பக்கம். 2,100 ரூபாய் ஆனது.

மலைக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் விளக்கு இப்போது என் கையில் இல்லை. மார்கழி பிறந்த அன்று காலை ஐந்து மணிக்கு அம்மா அதை நெற்றியில் மாட்டிக்கொண்டு வாசலில் கோலம் போட உட்கார்ந்திருந்தார். எங்கள் தெருவிளக்கு அவருக்கு முதுகுப் பக்கம். குனிந்தால் சொந்த நிழலே புள்ளி மேல் விழுந்து இழை தவறும் என்று வருஷா வருஷம் புலம்புவார். இப்போது நிழலே இல்லை. எட்டுக்கண் சார் ஆபத்து என்று சொன்னது எங்கள் வாசலில் வசதியாகிவிட்டது. கோலப்பொடி கண்ணைக் கூசுகிறது என்று, நான் சொல்லாமலேயே மிகக் குறைந்த வெளிச்சத்துக்கு இறக்கிக்கொண்டார்.

எதிர்வீட்டு அக்கா, “என்னம்மா, சுரங்கத்துக்கா கிளம்பிட்டீங்க?” என்று கேட்டிருக்கிறார். மூன்றாம் நாள் அவரே எங்கே வாங்கினது, என்ன விலை என்று வந்து நின்றார்.

தை வரை கேட்கக் கூடாதாம். அதற்குப் பிறகும் தருவாரா என்பது சந்தேகம்தான். 2,100 ரூபாயில் இன்னொன்று ஆர்டர் போட்டிருக்கிறேன்.