கோட்டைக் கோயில் தூண் குதிரையிடம் விலங்கியல் கேட்கலாமா?

காட்பாடிக்காரன்:
வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்கு வருகிறவர்கள் யாளித் தூண் முன்னால் செல்ஃபி எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். விலங்கியல் படிக்கும் பிள்ளைகளையும் சிற்பம் படிக்கும் பிள்ளைகளையும் அங்கே ஒன்றாக உட்கார வைக்க வேண்டும். விஜயநகர காலக் குதிரையின் உடல்வாகு, சேணம், கடிவாளம் என்று பேச எவ்வளவோ இருக்கிறது. "அருமையான கலை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

அகழி முதலை:
யாளிக்கும் வகுப்பு உண்டா? சிங்க உடம்பு, யானைத் துதிக்கை. எந்தக் காட்டில் பிடித்தார்களாம்? சிற்பி கட்டியது மண்டபம் சார், மிருகக்காட்சி சாலை இல்லை. மரபில் சொன்ன அளவுப்படி செய்தார், அவ்வளவுதான்.

காட்பாடிக்காரன்:
யாளியை விடுங்கள். அதே மண்டபத்தில் அண்ணாந்து பாருங்கள். நடுவில் பூ, அதைச் சுற்றித் தலைகீழாகக் கிளிகள். நிஜக் கிளியும் அப்படித்தான் தொங்கித் தின்னும். காலில் இரண்டு விரல் முன்னே, இரண்டு பின்னே இருப்பதால் அந்தப் பிடி. சிற்பி விரல்வரைக்கும் கவனித்தாரா, இல்லை கோலத்துக்காகத் தலைகீழாகப் போட்டாரா? இதைச் சொல்லப் பறவை தெரிந்தவரும் வேண்டும், சிற்பம் தெரிந்தவரும் வேண்டும்.

கல்லுளி:
நான் கல் வேலை செய்பவன். முன்னங்காலைத் தூக்கி நிற்கும் குதிரைக்குக் கீழே வீரனையோ மிருகத்தையோ வைப்பது போர்க் காட்சிக்காக மட்டும் இல்லை, காலைத் தாங்கும் முட்டுக்கல்லும் அதுதான். காதைத் தலையோடு ஒட்டியே விடுவோம். தனியே நீட்டினால் உளி பட்டதும் தெறித்துவிடும். வாலும் அப்படித்தான். இது தெரியாமல் "குட்டைக் காது இனம்" என்று யாராவது கட்டுரை எழுதினால் பட்டறையே சிரிக்கும்.

அகழி முதலை:
அப்படிப் போடுங்க! கல் இழுத்த இழுப்புக்கு மிருகம் வளைந்திருக்கிறது. இதில் என்ன விலங்கியல்?

கல்லுளி:
அவசரப்படாதீங்க அண்ணே. எது கல்லுக்காகச் செய்தது, எது கண்ணால் பார்த்துச் செய்தது என்று பிரிக்க முடியும். மாமல்லபுரம் தபசுப் பாறையில் ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி முகத்தைச் சொறிகிறது. அதை எந்த அளவுக் கணக்கும் சொல்லித் தராது, மானைப் பார்த்தவனுக்குத்தான் வரும். அங்கே யானைகளும் அப்படியே உயிரோடு நிற்கின்றன. சிங்கம் மட்டும் பொம்மை முகத்தோடு இருக்கும். நம் ஊர்க் காட்டில் சிங்கம் ஏது?

செங்கம் பஸ்:
எங்கள் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய வட ஆர்க்காட்டு எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்மன் காலம், 7ஆம் நூற்றாண்டு. வீரனோடு அவன் நாயும் இருக்கிறது. கோவிவன் என்று அதன் பெயரும், கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதும் கல்வெட்டிலேயே உண்டு. அந்த நாயைக் காட்டி ராஜபாளையமா கன்னியா என்று சண்டை போடுவது வீண். உள்ளங்கை அளவுப் புடைப்பில் இனம் தேடக் கூடாது. கழுத்துப் பட்டை இருக்கிறதா, வால் எப்படி நிற்கிறது, இவ்வளவு கேட்கலாம்.

காட்பாடிக்காரன்:
இனம் சொல்ல முடியாது, சரி. தப்பான படமும் பாடம்தானே? 1515இல் குஜராத்திலிருந்து லிஸ்பனுக்குப் போன காண்டாமிருகத்தை ஜெர்மன் ஓவியர் ட்யூரர் நேரில் பார்க்காமலே மரச்செதுக்கில் போட்டார். தோளில் இல்லாத குட்டிக் கொம்பு வேறு. 18ஆம் நூற்றாண்டுவரை அறிஞர்கள் அதை நம்பினார்கள். ஆனால் ஜஹாங்கீரின் ஓவியர் மன்சூர் சுமார் 1625இல் வரைந்ததாகச் சொல்லப்படும் டோடோ பறவைப் படத்தை விலங்கியலாளர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். அந்தப் பறவையே இப்போது இல்லை.

அகழி முதலை:
மன்சூர் அரசனுக்காகப் பறவையைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர். தூண் செதுக்கியவருக்கு யார் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்? சரி, ஒரு நிபந்தனை. எதெல்லாம் முட்டு, எதெல்லாம் உடையாமல் இருக்கச் செய்தது என்று கல்லுளி முதலில் குறித்துத் தரட்டும். மிச்சம் இருப்பதை மட்டும் விலங்கியல்காரர்கள் பேசட்டும். அப்படியென்றால் நானும் வருகிறேன். யாளிக்கு மட்டும் வரமாட்டேன்.

கல்லுளி:
குறிப்பதெல்லாம் போட்டோ மேலேதான். தொல்லியல் துறை இடம், தூணில் சாக்பீஸ் படக் கூடாது.