டயாலிசிஸ் எடுப்பவர்களின் வாழ்க்கைத்தரம்: எந்தக் கேள்வித்தாள், எந்த மொழியில்?

சித்தூர்_செவிலி:
கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வாரம் மூணு முறை டயாலிசிஸ் எடுக்கிற 40 பேரிடம் ஆறு மாத இடைவெளியில் ரெண்டு தடவை வாழ்க்கைத்தரம் அளக்கணும். பேச்சு தமிழ், பலர் படிச்சது மலையாளம். உலக சுகாதார நிறுவனத்தோட சுருக்கமான வாழ்க்கைத்தரக் கேள்வித்தாள் ஹூக்வால்-பிரெஃப் (WHOQOL-BREF) போதுமா? எந்த மொழித் தாள் எடுக்கலாம்?

அளவுகோல்:
ஹூக்வால்-பிரெஃப் பொதுவான தாள். 26 கேள்வி, உடல், மனம், உறவு, சூழல்னு நாலு பிரிவு. அரிப்பு, தசைப்பிடிப்பு, தண்ணிக் கட்டுப்பாடு எதையும் கேட்காது. அதையெல்லாம் கேட்கறது சிறுநீரக நோய்க்கான கேள்வித்தாள் கேடிகியூஓஎல்-36 (KDQOL-36). ஆனா பணம், போக்குவரத்து வசதி பத்தி ஹூக்வால்லதான் கேள்வி இருக்கு. சிகிச்சையால் வர்ற மாற்றம்தான் நோக்கம்னா 36-ஐ எடுங்க. ரெண்டு நீளத் தாளையும் ஒருத்தர் மேல சுமத்த வேண்டாம். பாதித் தாள் தாண்டினதும் யோசிக்காம "மூணு, மூணு"ன்னு சொல்லிட்டுப் போவாங்க. தமிழ்ப் பிரதி வாங்கறப்ப, நோயாளிகளிடம் சரிபார்த்ததான்னு கேட்டுக்குங்க.

எல்லைக்காரன்:
தானே எழுதறவருக்கு அவர் படிச்ச எழுத்து, நீங்க வாசிச்சுக் கேட்டா அவர் பேசற மொழி. ஒருத்தருக்கு எது வெச்சீங்களோ ரெண்டாம் சுற்றிலும் அதுவே. மலையாளத் தாளைக் கையில் வெச்சுக்கிட்டு வாயால தமிழாக்கிக் கேட்கவே கூடாது. "விஷமம்" அங்கே மனக்கஷ்டம், தமிழில் குறும்பு, கேள்வியே மாறிடும்.

நேரமும் முக்கியம். டயாலிசிஸ் முடிஞ்ச அசதியில் கேட்டா, கடந்த நாலு வாரத்தைக் கேட்டாலும் அன்னைக்கு நிலைமையைத்தான் சொல்வாங்க. வாரத்தின் நடு முறையில், ஊசி போடறதுக்கு முன்னாடி கேளுங்க. சிகிச்சை தர்ற நர்ஸே கேட்டா "நல்லாத்தான் இருக்கேம்மா"ங்கிற பதில்தான் வரும், வேற ஆள் கேட்கட்டும். வீட்டுக்காரங்க பக்கத்தில் இருந்து பதில் சொல்ல விடாதீங்க: நடை, குளியல் பத்தி அவங்க சொல்றது ஓரளவு பொருந்தும், மனசு பத்திச் சொல்றது அவ்வளவா பொருந்தாது.

சித்தூர்_செவிலி:
நன்றிங்க. முன்னாடி எடுத்த ஹூக்வால் தாள்கள் கொஞ்சம் கையில் இருக்கு. துணையை இழந்தவங்க தாம்பத்தியம் பத்தின 21-ஆம் கேள்வியை விட்டிருக்காங்க. பூஜ்யம் போடலாமா?

அளவுகோல்:
கூடாதுங்க. மதிப்பெண் 1 முதல் 5 வரைதான். பூஜ்யம் போட்டா சராசரி சரிஞ்சிடும். உறவுப் பிரிவில் மூணே கேள்வி (20, 21, 22). ஒண்ணு விட்டுப்போனா மத்த ரெண்டின் சராசரியைப் போடலாம், ரெண்டு போனா அந்தப் பிரிவையே கணக்கிடாதீங்க. 26-ல் ஆறும் அதுக்கு மேலும் காலியா இருந்தா அந்தத் தாளையே ஒதுக்கணும். 3, 4, 26 தலைகீழ்க் கேள்விகள் (எண் கூடினா நிலைமை மோசம்னு அர்த்தம்), அதுக்கு வந்த மதிப்பெண்ணை 6-லிருந்து கழிச்சுக்கிட்டு ஆரம்பிங்க. பிரிவின் சராசரியை 4-ஆல் பெருக்கினா 4 முதல் 20 வரை வரும். நாலு பிரிவையும் கூட்டி ஒரே எண்ணாக்க வேண்டாம்.

எல்லைக்காரன்:
ஒண்ணு விட்டுப்போச்சு. ஆறு மாசத்தில் இறந்தவங்களும் ஆஸ்பத்திரியில் கிடக்கறவங்களும் ரெண்டாம் சுற்றில் வர மாட்டாங்க. மிச்சம் இருக்கறவங்க சராசரி தானா ஏறி, சிகிச்சை பலன் தந்த மாதிரி தெரியும். ரெண்டு சுற்றிலும் பதில் சொன்னவங்களை மட்டும் ஒப்பிடுங்க, விடுபட்டவங்க எத்தனை பேர், ஏன்னு பக்கத்திலேயே எழுதுங்க.