மறைந்த தந்தையைக் கண்ட கனவு: மார்க்கம் அறிந்தவர்களின் வழிகாட்டல் வேண்டும்

அஸ்ஸலாமு அலைக்கும். சென்ற ஆண்டு மவுத்தான என் வாப்பா, நேற்று பஜ்ர் எனும் அதிகாலைத் தொழுகைக்குச் சற்று முன் கனவில் வந்து, முழங்கையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட ஒளூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால்களைக் கழுவுதல்) செய்துகொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. விழித்தபோது என் கன்னம் நனைந்திருந்தது. கனவில் வேறு சிலவும் கண்டேன். நல்ல கனவை நம்மை நேசிப்பவரிடமே சொல்ல வேண்டும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

அல்லாஹ்விடமிருந்து வரும் நற்செய்தி, ஷைத்தான் தரும் கலக்கம், மனத்தின் எண்ணம் எனக் கனவுகள் மூவகை என்றும், நல்ல கனவு நபித்துவத்தின் 46 பங்குகளில் ஒன்று என்றும் ஹதீஸ்களில் (நபிமொழிகளில்) படித்திருக்கிறேன். கெட்ட கனவென்றால் இடப்புறம் மூன்று முறை லேசாகத் துப்பி அல்லாஹ்விடம் பாதுகாவல் தேட வேண்டும் என்பது தெளிவு. என் கனவு அச்சமூட்டவில்லை; ஆனால் ஓயாமல் அவரையே நினைத்திருப்பதால், இது என் மனம் புனைந்ததுதானோ என்றும் தோன்றுகிறது. நற்செய்தியான கனவையும் மனத்தின் எண்ணத்தையும் பிரித்தறிய ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) கூறும் அடையாளங்கள் எவை?

கனவு விளக்கத்துக்குப் பெயர்பெற்ற முற்கால மார்க்க அறிஞர் இப்னு ஸீரீன் பெயரில் வழங்கும் கனவு விளக்க நூல் அவர் எழுதியதல்ல என்று அறிஞர் பலர் கூறுவதால், அதைப் புரட்டிப் பொருள் தேட எனக்கு மனம் ஒப்பவில்லை. இக்கனவுக்காகத் தனியே ஏதேனும் செய்ய வேண்டுமா, அல்லது வாப்பாவுக்காக வழக்கமாகச் செய்யும் துஆவும் (பிரார்த்தனை) ஸதகாவும் (தர்மம்) போதுமா என்பதை, அறிந்தவர்கள் ஆதாரத்துடன் தயவுசெய்து விளக்குங்கள்.